வீட்டில் பிரச்சினை எதுவும் இல்லை

ஜூலை 2, செவ்வாய்

டைரி எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. இது கல்லூரியில் ஜனவரியில் இனாமாகக் கொடுத்தது. ஆறு மாதமாக டிவிக்கு அடியில் கிடந்தது. வரி விவகாரம் பார்க்கிற தாகீர் பாய் இன்று சொன்னார்: "சார், இனிமே யாரப் பாத்தாலும் தேதி போட்டு எழுதி வைங்க. யாரு, என்ன சொன்னாங்க, எல்லாம். அப்பீல்ல ஒதவும்." அதனால் எழுதுகிறேன்.

அப்பீல் படிக்கப் போகும் அதிகாரிக்கு: என் பெயர் ஜெயக்கொடி. சுபேதார், ஓய்வு. ஊர் சின்னமனூர் பக்கம். காலாட்படையில் இருபத்தெட்டு வருடம். இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. எல்லையில் ரோந்து போனபோது கண்ணிவெடி. இப்போது ஒரு கல்லூரி விடுதியில் மேற்பார்வையாளன்.

நேற்று நோட்டீஸ் வந்தது. காலுக்காக அரசு கொடுக்கும் ஊனப் பென்ஷனுக்கு நான் வரிவிலக்கு வாங்கியது செல்லாதாம். ஊனத்தினால் படையிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவருக்கு மட்டும்தான் விலக்காம். நான் பணிக்காலத்தை முழுதாக முடித்து ஓய்வு பெற்றவனாம். ஆகவே மூன்று வருடத்துக்கும் சேர்த்து வட்டியோடு நாற்பத்தோராயிரம் கட்டு என்கிறார்கள்.

அதாவது, கால் போன அன்றே படுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தால் வரி இல்லை. செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு இன்னும் பதினைந்து வருடம் உழைத்தேன் பார், அதற்கு வரி. இந்த விதியை எழுதியவன் எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதினான் என்று தெரிய வேண்டும் எனக்கு.

ஜூலை 3, புதன்

மோட்டார் ஓடவில்லை. என் மனைவி இந்திராணி தெருக்குழாயில் பன்னிரண்டு குடம் எடுத்தாள். அய்யாவுக்கு, என் அப்பாவுக்கு, ஷேவிங் செய்துவிட்டாள். வேறொன்றும் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

வருமான வரி அலுவலகம் போனேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஆபீஸ் இரண்டாவது மாடி, லிப்ட் பழுது. நாற்பத்திரண்டு படி. எண்ணிக்கொண்டே ஏறினேன்.

மேஜைக்குப் பின்னால் இருந்த பையனுக்கு முப்பது வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினான். அதுதான் இன்னும் எரிச்சல்.

"சார், நீங்க சர்வீஸ முடிச்சு ரிடையர் ஆனவரு. மெடிக்கல்ல வெளிய அனுப்பல. சர்குலர்ல தெளிவா இருக்கு."

"கால் போனது உண்மையா, இல்லையா?"

"அத யாரும் சந்தேகப்படல சார். பென்ஷன் வந்துக்கிட்டுத்தான இருக்கு. வரி மட்டுந்தான்."

"வரி மட்டுந்தானா? கால் பாதி எனக்கு, பாதி ஒங்களுக்கா?"

பக்கத்து மேஜையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அந்த நிமிடம், காலைக் கழற்றி அவன் மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று கை போனது. வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

அவன் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்: "சார், கோவப்படாதீங்க. ஒரே ஒரு விஷயம். மெடிக்கல் போர்டு ஒங்கள வெளிய அனுப்பச் சொல்லியும் ஆர்மியே ஒங்கள விடாம வச்சுக்கிட்டாங்களா? இல்ல, நீங்களா இருக்கேன்னு எழுதிக் குடுத்தீங்களா? அவங்க வச்சுக்கிட்டாங்கன்னா அதுக்கு ஒரு பேப்பர் இருக்கும். கொண்டாங்க. நான் மேல அனுப்பிப் பாக்குறேன்."

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினேன். திரும்ப ஏறவில்லை. நாற்பத்திரண்டு படி.

ஜூலை 6, சனி

தாகீர் பாயும் அதே பேப்பரைக் கேட்கிறார். மெடிக்கல் போர்டு நகலும், டிஸ்சார்ஜ் சமயத்துக் காகிதங்களும். அதெல்லாம் என்னிடம் இல்லை, வெள்ளத்தில் போய்விட்டது என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது இந்திராணி, "எந்த வெள்ளம்?" என்றாள்.

"பட்டாளத்து டெப்போவுல. ஒனக்குத் தெரியாது."

"பட்டாளத்து ரெக்கார்டு ஆபீஸ்ல கேட்டா நகல் குடுப்பாங்களே? ஒங்களோட இருந்த செல்லப்பாண்டி அண்ணன்கூட வாங்கினாரே?"

கொடுக்க மாட்டார்கள் என்றேன். அவள் அய்யாவைத் திருப்பிப் படுக்க வைக்கப் போய்விட்டாள். அய்யாவுக்குப் பக்கவாதம். பதினெட்டு வருடமாக இடது கையும் காலும் வராது.

ஜூலை 9, செவ்வாய்

அப்பீல் எழுதினேன். இரண்டரைப் பக்கம். அதில் உள்ளதை இங்கும் எழுதி வைக்கிறேன்:

"கால் இழந்த பிறகு வீடு திரும்பவே நான் விரும்பினேன். வயதான தந்தையும், இளம் மனைவியும், சிறு குழந்தையும் எனக்காகக் காத்திருந்தனர். ஆனால் ராணுவம் என்னை விடவில்லை. பலமுறை கேட்டும் விடவில்லை. தேசம் இரு என்றது, இருந்தேன். கால் கொடுத்தவனிடம் தேசம் இப்போது வரியும் கேட்கிறது."

இந்திராணிக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நான் மனுப் போட்டேன்ல, ஒங்கள அனுப்பச் சொல்லி, ஒங்க பெரிய ஆபீசருக்கு. அதத் தள்ளுபடி பண்ணினாய்ங்கல்ல. அதையும் சேத்து எழுதுங்க. அதவிட என்ன ஆதாரம் வேணும்?"

பார்க்கலாம் என்றேன்.

ஜூலை 10, புதன்

மனுவைப் பற்றி எழுதவில்லை. தேவையில்லாத விஷயம்.

ஜூலை 14, ஞாயிறு

செல்லப்பாண்டி வந்திருந்தான். எனக்குக் கால் போன அதே வெடியில் அவனுக்கு வலது கண் போனது. அந்த வருடமே ஊருக்கு வந்துவிட்டான். பஞ்சர் கடை வைத்திருக்கிறான். மூன்று பிள்ளைகள், பெரியவன் சிங்கப்பூரில். அவன் ஊனப் பென்ஷனுக்கு ஒரு பைசா வரி கிடையாது. நோட்டீஸும் வரவில்லை.

"எனக்கு ஒரு காயிதமும் வரல மாப்ள. நீ இருந்து ஒழச்ச, ஒனக்குத் தண்டம். நான் ஓடி வந்தேன், எனக்கு இனாம். என்னய்யா நியாயம் இது?"

நன்றாகக் கேட்டான். நானும் சேர்ந்து திட்டினேன். ஒரு மணி நேரம் இருவரும் அந்த விதியை எழுதியவனின் ஏழு தலைமுறையையும் இழுத்தோம். மனதுக்குச் சற்று இதமாக இருந்தது. அப்புறம் அவன் வழக்கம்போல வாயை விட்டான்.

"அன்னைக்குப் போர்டுல நம்ம ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுலதான ஒக்கார வச்சாய்ங்க. நான் வீட்டுக்குப் போறேன் சார்னுட்டேன். வாய்யா போவம்னு ஒன்னையும் எம்புட்டு…"

இந்திராணி டீயோடு வந்துகொண்டிருந்தாள். "டீ ஆறுது, குடி" என்றேன். அவனுக்கு ஒரு கண்தான் என்றாலும் என் முகத்தைப் படிக்கத் தெரியும். பேச்சை மாற்றி, "மக கல்யாணத்துலகூட வேட்டி கட்டாம பேன்ட்டு மாட்டுன ஆளுல்ல இவரு" என்று கிண்டல் செய்துவிட்டுக் கிளம்பினான்.

இனி அவனை வீட்டுக்குக் கூப்பிடக் கூடாது.

ஜூலை 18, வியாழன்

ஆடிக்கு மகள் பிருந்தா வந்துவிட்டாள். கல்யாணம் ஆகி மூன்று மாதம். மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டுவிட்டு அப்படியே கோயம்புத்தூருக்குத் திரும்பினார். கறி எடுத்தேன். அய்யா பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

சாப்பிடும்போது பிருந்தா சொன்னாள்: "அப்பா, ரெக்கார்டு ஆபீஸுக்கு அப்ளை பண்ணிட்டேன். பத்து நாளாச்சு. அம்மாதான் சொன்னாங்க. ஒங்க போனுக்கு வந்த ஓடிபியக்கூட அம்மாதான் பாத்துச் சொன்னாங்க."

என்னைக் கேட்காமல் என் பெயரில் யார் விண்ணப்பம் போடச் சொன்னது என்று கத்தினேன். இலையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். பிள்ளை முகம் செத்துப்போயிற்று. ஆடிக்கு வந்த பெண்ணிடம் முதல் நாளே கத்தியது தப்புதான். ஆனால் கேட்டிருக்க வேண்டும் இல்லையா? ஒரு மனிதனின் காகிதம் அவனுடைய காகிதம்.

இந்திராணி இலையை எடுத்துப் போட்டாள். எடுக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஜூலை 25, வியாழன்

தபால்காரரை வழியில் பார்த்தேன். ரெக்கார்டு ஆபீஸிலிருந்து ஏதாவது வந்தால் வீட்டில் கொடுக்க வேண்டாம், கல்லூரிக்குக் கொண்டுவாருங்கள் என்றேன். அப்படிச் செய்ய விதி இல்லை என்கிறார். இவருக்கும் விதி.

ஆகஸ்ட் 8, வியாழன்

வந்துவிட்டது.

நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பழுப்பு உறை கிழிந்து கிடந்தது. பிருந்தா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்திராணி, "இன்னொரு தடவ வாசி. அவரும் கேக்கட்டும்" என்றாள்.

"வேணாம்மா."

"வாசி."

பிருந்தா இங்கிலீஷில் ஒரு வரி படித்து, தமிழில் ஒரு வரி சொன்னாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல்.

முதல் காகிதம் மெடிக்கல் போர்டு. நாயக் ஜெயக்கொடியைப் பணியிலிருந்து விடுவித்து ஊனப் பென்ஷனோடு வீட்டுக்கு அனுப்பலாம் என்று பரிந்துரை. நாயக் அப்போது என் பதவி.

இரண்டாவது, நான் எழுதிக் கொடுத்தது. "நான் வீட்டுக்குச் செல்ல விரும்பவில்லை. உட்கார்ந்து பார்க்கும் வேலை எதுவானாலும் செய்கிறேன். என்னை அனுப்ப வேண்டாம்." கீழே என் கையெழுத்து.

மூன்றாவது காகிதத்தை பிருந்தா படிக்க வேண்டியிருக்கவில்லை. அது தமிழில் இருந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளின் நகல். இந்திராணியே பார்க்காமல் சொன்னாள்.

"மதிப்பிற்குரிய பெரிய ஆபீசர் அவர்களுக்கு. என் கணவருக்கு ஒரு கால் போய்விட்டது. கால் போனவரை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். எனக்கு ராமநாதபுரம் ஜில்லாவில் டீச்சர் வேலைக்கு உத்தரவு வந்திருக்கிறது. முப்பது நாளைக்குள் சேர வேண்டும். அவரை அனுப்பி வைத்தால் நான் போய்ச் சேருவேன். எப்படி வந்தாலும் பரவாயில்லை. அவர் வந்தால் போதும்."

பதினெட்டு வருடத்துக்குப் பிறகு ஒரு சொல் மாறாமல் சொன்னாள்.

"கீழ என்ன எழுதியிருக்கு?" என்று பிருந்தாவைக் கேட்டாள்.

கீழே டைப் அடித்திருந்தது. ஆபீசர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தபோது நான் சொன்ன பதில். பிருந்தா படித்தாள்: "என் மனைவி இந்த மனுவை எனக்குத் தெரியாமல் அனுப்பியிருக்கிறாள். நான் தொடர்ந்து பணியாற்ற விரும்புகிறேன். வீட்டில் பிரச்சினை எதுவும் இல்லை."

உள்ளே அய்யா இருமினார்.

"இது என்ன தேதி?"

"அக்டோபர் பதினொண்ணும்மா."

"அந்த வாரம்தான் பூத்துக்குப் போன் பண்ணினாரு." என்னைப் பார்த்து அல்ல, அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பேசினாள். "மனுவத் தள்ளிட்டாய்ங்க, பட்டாளத்துல பொம்பளை மனுவெல்லாம் எடுபடாதுன்னாரு. அந்த பூத்துக்குள்ளயே நின்னு அழுதேன். வெளிய நாலு பேரு வரிசைல நிக்கிறாங்க. அழுகாத, பட்டாளத்துக்காரன் பொண்டாட்டி அழுகக் கூடாதுன்னாரு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"மணி ஆறாகப் போகுது. ஒங்கய்யாவுக்குக் கஞ்சி குடுக்கணும்" என்று எழுந்து போனாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஜூலை 9 அன்று இதில் எழுதியது பொய்.

ஆகஸ்ட் 10, சனி

நேற்று முழுவதும் அவள் பேசவில்லை. சோறு போட்டாள். தண்ணீர் வைத்தாள். இன்று காலை அரிசி களைந்துகொண்டிருந்தபோது நானாகப் போய் நின்றேன். நான் எழுதிக் கொடுத்தது தெரிந்தால் இனி அப்பீல் நிற்காது என்று ஆரம்பித்தேன். எனக்கே தெரியும், ஆரம்பிக்க வேண்டிய இடம் அது இல்லை.

அவள் களைந்த தண்ணீரைக் கீழே கொட்டினாள்.

"வரி போட்டது அநியாயந்தான். நான் இல்லங்கல. செல்லப்பாண்டி அண்ணனுக்கு இல்லாத வரி ஒங்களுக்கு எதுக்கு? கால் கால்தான? சண்டை போடுங்க. ஆனா 'விடல'ன்னு எழுதி அந்தப் பணத்த வாங்காதீங்க. அந்தப் பொய்ய பதினெட்டு வருசமா ஊருக்கே நான் சொல்லிட்டேன். எங்க அம்மாகிட்டச் சொன்னேன். வேலை உத்தரவு குடுத்த ஆபீஸ்ல போயிச் சொன்னேன். 'சார், எங்க வீட்டுக்காரர விட மாட்டேங்கிறாங்க, எனக்கு ஒரு மாசம் தவணை குடுங்க'ன்னு நின்னேன். கவருமெண்டுக்கு அத இன்னொருக்கா சொல்ல வேணாம்."

"இந்திராணி, நான் சுபேதாரா வந்தது அதனாலதான. பென்ஷன் கூடுனது…"

"போதும்."

அப்படி ஒரு குரலை அவளிடம் கேட்டதில்லை. முப்பது பேர் கொண்ட பிளாட்டூனை அடக்கியவன் நான். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வங்கியில் வரியைக் கட்டினேன். பழைய அப்பீலைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. "போகலாம் என்று சொன்னார்கள். நானே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். இருந்தாலும் கால் போனது போனதுதான். போனவனுக்கு ஒரு நியாயம், இருந்தவனுக்கு ஒரு நியாயமா?"

தாகீர் பாய் படித்துவிட்டுத் தாடியைத் தடவினார். "உண்மையா இருக்கு சார். ஆனா கேஸ் நிக்காது."

"நிக்காட்டிப் போகுது. போடுங்க."

"திடீர்னு என்ன சார்?"

எழுந்து வெளியே வந்தேன். அவர் ஆபீஸ் வாசலில் வைத்திருந்த பூந்தொட்டியைக் காலால் தட்டிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. செயற்கைக் காலுக்கு அதெல்லாம் தெரியாது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆடி முடிந்தது. மாப்பிள்ளை கார் எடுத்து வந்தார். பிருந்தாவின் பெட்டியோடு இன்னொரு பெட்டியும் இருந்தது.

"நானும் போறேன். அவளுக்கு வீடு ஒதுங்க வச்சுக் குடுக்கணும்" என்றாள் இந்திராணி. மாப்பிள்ளை முன்னால் என்ன பேசுவது?

"எப்ப வருவ?"

"தெரியல."

"அய்யாவ யாரு பாக்குறது?"

அவள் காரில் ஏறப்போனவள் திரும்பினாள். "ஒங்க அய்யாதான?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள்.

பிறகு ஜன்னல் வழியாக வேகமாகச் சொன்னாள். இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். இடது இடுப்பில் பவுடர். மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலக்க வேண்டும், முழுதாகக் கொடுத்தால் கன்னத்தில் அடக்கிக்கொண்டு துப்பிவிடுவார். செவ்வாயும் வெள்ளியும் குளிப்பாட்டு. ஒரே தடவைதான் சொன்னாள். கார் போய்விட்டது.

ஆகஸ்ட் 19, திங்கள்

கல்லூரியில் லீவு கேட்டேன். பதினைந்து நாள் கொடுத்தார்கள். என்ன காரணம் என்றார் பிரின்சிபால். வீட்டில் பிரச்சினை என்றேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அய்யா எடை அறுபது கிலோ இருக்கும். படுத்தவரின் அறுபது கிலோ வேறு. கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கும்போது கால் வழுக்கி இருவரும் கட்டிலில் சாய்ந்தோம். அவருக்கு அடி படவில்லை. எனக்குத் தோளில் பிடித்துக்கொண்டது. குளியல் இல்லை, ஈரத்துணியால் துடைத்தேன். இவள் தினமும் எப்படித் தூக்கினாள்? ஐம்பது கிலோகூட இல்லாத பெண்.

"இந்தாணி எங்க?" என்கிறார். வாய் கோணியதால் அவருக்கு அப்படித்தான் வரும். கோயம்புத்தூர் என்கிறேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்கிறார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மாத்திரையை முழுதாகக் கொடுத்தேன். துப்பிவிட்டார். என் சட்டையில்.

ஆகஸ்ட் 24, சனி

கட்டில் துணி மூன்று தடவை மாற்றினேன். கஞ்சி தீய்ந்தது. அய்யாவிடம் கத்திவிட்டேன். பக்கவாதம் தொடாத வலது கண்ணிலிருந்து மட்டும் அவருக்குத் தண்ணீர் வந்தது. நான் ஓய்வு பெற்று வந்தே மூன்று வருடம் ஆகிறது. அந்த மூன்று வருடத்தில் அவரை நான் ஒரு தடவைகூடக் குளிப்பாட்டியதில்லை. வேலைக்குப் போகிறவன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மத்தியானம் போன் செய்தேன். ஐந்தாவது தடவையில் எடுத்தாள். அய்யா இடுப்பில் தோல் சிவந்திருக்கிறது, என்ன செய்ய என்று கேட்டேன். மருந்து பெயர் சொன்னாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"ஏன்னு ஒரு தடவையாச்சும் சொல்லுங்க" என்றாள்.

பதவி உயர்வு என்றேன். பிள்ளையின் படிப்பு என்றேன். ஊரில் ஒற்றைக் காலோடு என்ன வேலை கிடைத்திருக்கும் என்றேன்.

"அதெல்லாம் அப்பீல்ல எழுதுங்க. எனக்குச் சொல்லுங்க."

கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். வீட்டில் அய்யாவைத் தவிர யாரும் இல்லாதபோதும் சாத்தத் தோன்றியது. பிறகு சொன்னேன். யாரிடமும் சொல்லாதது.

கால் போனபின் முதல் லீவில் வந்திருந்தேன். அப்போது பிருந்தாவுக்கு மூன்றரை வயது. ஒருநாள் காலையில் செயற்கைக் காலை மாட்டாமல், துணிக்கட்டையும் பிரித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். புண் அப்போதுதான் ஆறிக்கொண்டிருந்தது. பிருந்தா மடியில் ஏற ஓடி வந்தாள். பார்த்தாள். அப்படி ஒரு அலறல். வாசலுக்கு ஓடி, அங்கேயும் நிற்காமல் தெருவுக்கு ஓடினாள். நான்கு நாள் என் பக்கத்தில் வரவில்லை. சோறு ஊட்டக் கூப்பிட்டாலும் உன் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஐந்தாம் நாள், அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். யாரும் கூப்பிடவில்லை. காயம்பட்டவர்களை வைத்திருந்த டெப்போவில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று இல்லை. கை இல்லை, கண் இல்லை. அங்கே யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள்.

அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஏய்யா," என்றாள். கல்யாணம் ஆகி இருபத்து நான்கு வருடத்தில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "கொழந்த அழுதுச்சுன்னா போன? நாலு நாளு! இன்னும் நாலு நாளு இருந்திருந்தா பழகியிருக்கும்யா. அடுத்த மாசமே அவ தென்னமட்டைய கால்ல கட்டிக்கிட்டு, அப்பா வெளாட்டு அப்பா வெளாட்டுன்னு தெரு பூரா நொண்டிக்கிட்டுத் திரிஞ்சா. கூட நாலு பிள்ளைக. நான் ஒனக்குக் காயிதத்துல எழுதலயா?"

எழுதினாள். ஞாபகம் இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், என் பிள்ளையும் சேர்ந்துகொண்டது என்றுதான் அதைப் படித்தேன். அந்தக் கடிதம் வந்த மறுவாரம்தான் போர்டில் உட்கார்ந்தேன்.

அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கே புரிந்திருக்கும்.

"வைக்கிறேன்" என்றாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பிருந்தா பேசினாள். அவர்கள் தெருவில் ஒரு மழலையர் பள்ளி இருக்கிறதாம். அம்மா அவளாகவே போய் வேலை கேட்டாளாம். டீச்சர் டிரெயினிங் சான்றிதழ் எல்லாம் பெட்டியில் கொண்டுபோயிருக்கிறாள். நாளையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள்.

"அம்மா எப்ப வருவாங்கன்னு கேக்காதீங்கப்பா" என்றாள்.

கேட்கவில்லை. சம்பளம் எவ்வளவு என்றும் கேட்கவில்லை. நாற்பத்தேழு வயதில் அவளுக்கு முதல் வேலை. அந்த ராமநாதபுரம் பள்ளியில் சேர்ந்திருந்தால் இந்நேரம் தலைமையாசிரியை. எனக்கு வந்த ஆத்திரத்தில் டைரியை மூடிவிட்டேன். இப்போதுதான் மறுபடி திறக்கிறேன். வரி ஆபீஸ் பையன் மேல் வந்த கோபத்துக்காவது போய் இறங்க ஒரு இடம் இருந்தது.

செப்டம்பர் 3, செவ்வாய்

கல்லூரிக்குப் போன் செய்து வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். பகல் முழுவதும் அய்யாவைப் பார்க்க வேறு ஆள் இல்லை.

இன்று குளியல். இரண்டு வாரமாக ஈரத்துணிதான். சக்கர நாற்காலியில் பின்கட்டு வரை தள்ளிவிட்டேன். அங்கே கல்லில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தரை வழுக்கும். செயற்கைக் கால் நனையக் கூடாது, நனைந்தால் உள்ளே புண் வரும். கழற்றாமல் வேலை நடக்காது. பின்கட்டு வேலி முள் வேலி, தெருவில் போகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். கொஞ்ச நேரம் யோசித்தேன். அதற்குள் அய்யா குளிரில் நடுங்க ஆரம்பித்தார்.

பேன்ட்டைக் கழற்றிவிட்டு டவுசரோடு கீழே உட்கார்ந்தேன். காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்தேன். வாளியை இழுத்துக்கொண்டு, பிட்டத்தால் நகர்ந்து நகர்ந்து அய்யாவுக்குச் சோப்புப் போட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் பால்கார முருகாயி வந்து நின்றாள். நேரே பார்த்தாள். என் முகத்தை, காலை, சுவரில் சாய்ந்திருந்த இன்னொரு காலை. எனக்குக் காது சுட்டது. துண்டை எடுத்து மூடலாம் என்றால் கை முழுக்கச் சோப்பு.

"அண்ணே, அக்கா இல்லைல. இனிமே அரை லிட்டரு போதுமா, முக்கா ஊத்தவா?"

"அரை" என்றேன்.

"சட்டி எங்க இருக்கு?"

அடுப்படி ஜன்னல் என்றேன். போய் ஊற்றினாள். திரும்பி வரும்போது, "பெரியவருக்குக் கழுத்துப் பக்கம் சோப்பு நிக்குது பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அவ்வளவுதான். அவ்வளவேதான்.

வாளியைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். அய்யா பயந்துபோனார். பிளாஸ்டிக் வாளி, உடையவில்லை. உருண்டு என் பக்கமே வந்தது. இன்னும் பாதி முதுகு பாக்கி இருந்தது. தண்ணீர் பிடித்து ஊற்றினேன்.